பொறி, சீசன், விதி: பென்சில்வேனியாவில் ரோம விலங்கு வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்தும், ஊரிலிருந்து போனில் பேசும் உறவினர்களிடமிருந்தும் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கலாம் என்று இதை எழுதுகிறேன். நான் பொறி வைப்பதில்லை, வேட்டைக்கும் போவதில்லை. இந்த விலங்குகள் மேல் அக்கறை உண்டு. அவற்றுக்கான விதிகளை யார், எப்போது, எதை வைத்து எழுதுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். சீசன் தேதியும் வரம்பும் (ஒருவர் எத்தனை பிடிக்கலாம் என்பதும்) வருடத்துக்கு வருடம் மாறும். அதற்கு அந்த வருடத்துக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ரோம விலங்குன்னா எதெல்லாம்? முயல், அணில் எல்லாம் இதில் வருமா?

வராது. முயலுக்கும் அணிலுக்கும் நல்ல ரோமம் இருந்தாலும் சட்டத்தில் அவை சிறு வேட்டை விலங்குகள். ரோம விலங்கு என்பது தனிப் பட்டியல்: பீவர் (ஓடையில் அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு), நீர்நாய், மஸ்க்ராட் (சதுப்புநிலத்தில் வாழும் சிறிய கொறிவிலங்கு), மிங்க் (நீரோரத்தில் வாழும், கீரி போன்ற ஊனுண்ணி), ரக்கூன், சிவப்பு நரி, சாம்பல் நரி, கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு, பாப்கேட் என்ற காட்டுப்பூனை, ஃபிஷர், ஸ்கங்க், ஒபாஸம், வீசல் போன்றவை. ஃபிஷர் என்ற பெயரைப் பார்த்து மீன்பிடிக்கும் விலங்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் மலைக்காடுகளில் இருக்கும் மரநாயைப் போல மரமேறும் விலங்கு அது.

இந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் பிடிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். மான் வேட்டை லைசென்ஸ் போதாது. கொயோட்டிக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு. பொது வேட்டை லைசென்ஸிலேயே சுடலாம். முதன்முறையாக லைசென்ஸ் எடுப்பவர் வேட்டை, பொறி இரண்டையும் சொல்லித்தரும் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்திலயும் பொறி வச்சு விலங்கு பிடிக்கறாங்களா? அதுக்குச் சட்டம் அனுமதிக்குதா?

அனுமதிக்கிறது. ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருப்பது இயல்புதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்பது தடை; விலக்குதான் அபூர்வம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அணுகுமுறை வேறு: பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தவிர மற்றவற்றை, லைசென்ஸ், சீசன், வரம்பு என்ற வேலிக்குள் நின்று பிடிக்கலாம்.

ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். கலிபோர்னியா 2019-இல் ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே தடை செய்தது. நியூ மெக்ஸிகோ 2021-இல் நிறைவேற்றிய சட்டம் பொது நிலங்களில் பொறிகளுக்குத் தடை போட்டது. ஒரு மாநிலத்தில் படித்ததை இன்னொரு மாநிலத்துக்குப் பொருத்திப் பேசுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

இந்த விதியை யார் போடுறாங்க? வாஷிங்டனா, மாநிலமா?

மாநிலம். காட்டு விலங்கு யாருடைய சொத்தும் இல்லை, மக்களுக்காக மாநிலம் அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பது அமெரிக்கச் சட்டத்தில் பழைய கொள்கை. பென்சில்வேனியாவில் அந்தப் பொறுப்பு 1895-இல் தொடங்கப்பட்ட கேம் கமிஷன் என்ற வனவிலங்கு ஆணையத்திடம் இருக்கிறது. அதன் ஆணையர்களை ஆளுநர் பரிந்துரைக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தருகிறது. மீனுக்கும் படகுக்கும் வேறு கமிஷன்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விதிகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் இது தேவைப்படும். மேல் அடுக்கு, தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம். கீழ் அடுக்கு, அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் கமிஷன் எழுதும் ஒழுங்குமுறை. சீசன் எப்போது, ஒருவர் எத்தனை பிடிக்கலாம், எந்தப் பகுதியில் என்பதெல்லாம் கமிஷன் கையில்.

சீசன் எல்லாம் ஏன் குளிர்காலத்திலேயே வருது?

இரண்டு காரணங்கள். குளிர் ஏறும்போதுதான் ரோமம் அடர்ந்து வளரும். கோடையில் எடுத்த தோலை யாரும் வாங்க மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, இலையுதிர்காலம் முடிவதற்குள் அந்த வருடத்துக் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து தானே இரை தேடப் பழகியிருக்கும். தாயைப் பிடித்ததால் வளைக்குள் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும் நிலை வராது.

பீவர் சீசன் மற்றவற்றைவிடத் தாமதமாக, கிறிஸ்துமஸுக்குப் பிறகு தொடங்கி மார்ச் கடைசி வரை போகும். விதிவிலக்குகளில் முக்கியமானது கொயோட்டி. அதை வருடம் முழுவதும் சுடலாம். குட்டி வளர்க்கும் மாதங்களிலாவது அதற்கும் ஓய்வு தர வேண்டும் என்பது என் கருத்து. மற்ற பல இனங்களுக்குப் பொருந்தும் நியாயம் இதற்கு ஏன் பொருந்தாது என்பதற்குத் திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

முடிவு எடுக்கறது எப்போ? நான் நவம்பர்ல மெயில் அனுப்பினேன், பதிலே இல்லையே?

நவம்பரில் தொடங்கும் சீசன் அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே முடிவாகிவிட்டது. நல்ல மனிதர்கள் எழுதும் நல்ல கடிதங்கள் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். லைசென்ஸ் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கான சீசன்களுக்கும் வரம்புகளுக்கும் கமிஷன் ஜனவரிக் கூட்டத்தில் முதற்கட்ட ஒப்புதல் தரும், ஏப்ரல் கூட்டத்தில் இறுதி ஒப்புதல். இடைப்பட்ட வாரங்கள்தான் பொதுமக்கள் கருத்துக்கான நேரம். இதுபோன்ற முன்மொழிவுகள் மாநில அரசிதழான பென்சில்வேனியா புல்லட்டினிலும் வெளியாகும்.

அதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. ஜனவரியில் மேசைக்கு வரும் முன்மொழிவைக் கமிஷனின் உயிரியலாளர்கள் இலையுதிர்காலத்திலேயே தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பகுதி ஆணையருக்கு எழுதினால், எழுதி முடித்த தாளைத் திருத்தச் சொல்வதாக இருக்காது; தாள் இன்னும் வெறுமையாக இருக்கும்.

மஸ்க்ராட் எத்தனை வேணும்னாலும் பிடிக்கலாம், நீர்நாய் ஒண்ணே ஒண்ணு. ஏன் இந்தப் பாகுபாடு?

இனப்பெருக்க வேகம்தான் காரணம். மஸ்க்ராட் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று ஈற்றுகள் போடும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குட்டிகள். பெரும்பாலானவை பொறியே இல்லாவிட்டாலும் குளிரிலும் நோயிலும் மிங்க்கின் வாயிலும் போய்விடும். நீர்நாய் இரண்டு வயதுக்கு மேல்தான் ஈனும். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று குட்டிகள். ஃபிஷர் இன்னும் வினோதம்: இணை சேர்ந்த பிறகு கரு பல மாதங்கள் வளராமல் உறங்கிக்கிடந்து, குளிர்காலக் கடைசியில்தான் கருப்பையில் ஒட்டி வளரும். இப்படிப்பட்ட இனத்தில் ஒரு பெண் விலங்கு போனால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

வரலாறும் ஒரு காரணம். பீவர், நீர்நாய், ஃபிஷர் மூன்றையும் இந்த மாநிலம் ஒரு காலத்தில் ஏறக்குறைய முழுதாக இழந்தது. வரம்பில்லாமல் பிடித்ததும் காடுகளை வெட்டியதும் ஆறுகள் கெட்டதும் சேர்ந்து செய்த வேலை அது. 1917-இல் விஸ்கான்சினிலிருந்து ஒரு ஜோடி பீவரைக் கொண்டுவந்து கேமரன் கவுண்ட்டியில் விட்டார்கள். வேறு ஜோடிகளும் பின்னால் வந்தன. 1934-இல் சீசன் திறக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. நீர்நாயை 1982 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஃபிஷர் 1994-க்கும் 1998-க்கும் இடையில் 190 விடப்பட்டன, அதன் சீசன் 2010-இல் வந்தது. நீர்நாய்க்கு முதல் சீசன் 2021 பிப்ரவரியில்தான்: வடகிழக்கில் இரண்டு மேலாண்மைப் பகுதிகளில் மட்டும், ஒரு வாரம் போல, ஆளுக்கு ஒன்று. அவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்த விலங்கு என்பதால் அந்த ஒன்றைக்கூட எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் மனநிலை எனக்குப் புரிகிறது.

மஸ்க்ராட் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் அதன் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. பொறியைவிடச் சதுப்புநில இழப்பு போன்ற காரணங்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஆனாலும் "வேகமாகப் பெருகும் இனம், வரம்பு வேண்டாம்" என்ற பழைய கணக்கை மறுபடி சரிபார்க்கும் நேரம் வந்துவிட்டது.

காட்டுக்குள்ள எத்தனை இருக்குன்னு எப்படித் தெரியும்? யாராவது எண்ணினாங்களா?

தலைக்கணக்கு யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. பார்ப்பது போக்கை: கூடுகிறதா, குறைகிறதா, எந்தப் பகுதியில். பாப்கேட், ஃபிஷர், நீர்நாய் பிடித்தவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பல மாநிலங்களில் பல்லையோ உடலையோ ஒப்படைக்கச் சொல்வார்கள். பல்லைக் குறுக்கே வெட்டி வளையங்களை எண்ணினால் வயது தெரியும். கருப்பையில் உள்ள தழும்புகளிலிருந்து எத்தனை குட்டி ஈன்றது என்று தெரியும். லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பும் நடக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, விலங்குக்கு வைப்பது இல்லை. பிடிபட்ட எண்ணிக்கை குறைந்தால் விலங்கு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிடிக்கப் போன ஆட்கள் குறைந்திருக்கலாம். அதனால்தான் "எத்தனை பிடித்தீர்கள்" என்பதோடு "எத்தனை பொறி, எத்தனை இரவு வைத்தீர்கள்" என்றும் கேட்கிறார்கள். கூட்டத்தில் யாராவது வெறும் மொத்த எண்ணிக்கையை நீட்டினால், முயற்சிக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்வி இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

ரோமத்துக்கு இப்போ விலை இருக்கா என்ன?

பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பத்து பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சீனா, ரஷ்யா பக்கம் வாங்கியபோது விலை ஏறியது, பிறகு விழுந்தது. டொராண்டோவில் இயங்கிய பெரிய ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் 2019-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்கு வந்தது. இப்போது பொறி வைப்பவர்களில் பலருக்கு இது வருமானத்தைவிடப் பரம்பரைப் பழக்கம்.

லூசியானாவில் நேர்மாறான கதை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நியூட்ரியா என்ற கொறிவிலங்கு கடலோரச் சதுப்புநிலத்தை வேரோடு தின்று அழிக்கிறது. ரோம விலை சரிந்து யாரும் பிடிக்க வராததால், 2002 முதல் மாநிலம் வாலுக்குக் காசு கொடுக்கிறது. ஒரு வாலுக்கு 6 டாலர் வரை உயர்ந்தது. விதி என்றால் எப்போதும் குறைப்பதற்கு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

எந்த மாதிரி பொறி வைக்கலாம்? பல்லு வச்ச இரும்புப் பொறியைப் படத்தில் பார்த்தேன்.

பல் வைத்த பொறி பென்சில்வேனியாவில் தடை. அனுமதிக்கப்பட்டவை: காலைப் பிடிக்கும் பொறி (அதன் வாய் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு), கூண்டு, நீர்நிலைகளில் மட்டும் உடலை நசுக்கி உடனே கொல்லும் பொறி. நரிக்கும் கொயோட்டிக்கும் கேபிள் கண்ணி வைக்கலாம், அதற்குத் தனிச் சான்றிதழ் வகுப்பு உண்டு. ஒவ்வொரு பொறியிலும் உரிமையாளரை அடையாளம் காட்டும் தகடு கட்டாயம். விஷம் கூடாது. இரையை வானத்திலிருந்து தெரியும்படி வைக்கக் கூடாது; கழுகும் பருந்தும் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

மாடியில ரக்கூன் குடும்பம் நடத்துது. கூண்டு வச்சுப் பிடிச்சு, தூரக் காட்டில விட்டுடலாமா? கொல்ல மனசு வரலை.

கூடாது. மனது நல்லதுதான், ஆனால் செய்தால் அது சட்ட மீறல். காரணம் வெறிநோய் (ரேபீஸ்). 1970-களின் பிற்பகுதியில் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து வேட்டைக்காக லாரியில் ஏற்றி வந்த ரக்கூன்களோடு வெறிநோயும் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா எல்லைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து வடகிழக்குக் கடலோரம் முழுக்கப் பரவியது. இன்றும் மேற்கு பென்சில்வேனியாவில் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைத் தூவுகிறார்கள். ஒரு விலங்கை இடம் மாற்றியதற்கு இத்தனை வருடச் செலவு.

அனுமதி பெற்ற தொல்லை விலங்குக் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். வசந்த காலமென்றால் குட்டிகள் இருக்கும். அவை நடமாடும் வரை சில வாரம் பொறுத்து, தாய் தானாகவே அழைத்துப் போன பிறகு ஓட்டையை அடைத்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. அதுவரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

நாயோட நடக்கப் போற பாதையில பொறி இருக்குமா? மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

மாநில வேட்டை நிலங்களில் இருக்கலாம். இலையுதிர்காலத்திலிருந்து மார்ச் வரை அங்கே நாயைக் கயிற்றோடு கூட்டிப்போங்கள், ஓடைக்கரையில் மோந்து திரிய விடாதீர்கள்.

கால்பொறியில் மாட்டினால் முதலில் உங்கள் மேல்சட்டையைக் கழற்றி நாயின் தலைமேல் போடுங்கள். வலியில் சொந்த எஜமானரையே கடிக்கும். பொறியின் இரு பக்கமும் உள்ள நெம்புகளைத் தரையில் வைத்துக் கால்களால் ஒரே நேரத்தில் அழுத்தினால் வாய் திறக்கும். உடலை நசுக்கும் பொறி என்றால் கையால் திறப்பது கஷ்டம். நாய்க்கயிற்றை ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்கள் வழியாகவும் கோத்து, சுற்றிக் கொண்டுவந்து மறுபடி அவற்றின் வழியாகக் கோத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையை இழுத்து ஸ்பிரிங்கை ஒடுக்க வேண்டும். நிமிடங்கள்தான் இருக்கும் என்பதால் வீட்டிலேயே ஒரு முறை பார்த்துப் பழகிவைப்பது நல்லது. பிறகு கால்நடை மருத்துவர். பொறியை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது அடுத்தவர் சொத்து. தகட்டைப் படம் எடுத்து வேட்டைக் காவலருக்குத் தெரிவியுங்கள்.

மாநில விஷயம்னு சொன்னீங்க. அப்புறம் பாப்கேட் தோலில் எதுக்கு சர்வதேச முத்திரை?

பிடிப்பது மாநில விஷயம், ஏற்றுமதி அப்படி இல்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பாப்கேட்டும் இந்த நீர்நாயும் இருக்கின்றன. இவற்றின் தோல், அழிந்துவரும் மற்ற பூனை, நீர்நாய் இனங்களின் தோலோடு குழப்பம் தரும் என்பதே முக்கியக் காரணம். எண்ணிட்ட முத்திரை இல்லாமல் தோல் நாட்டைவிட்டுப் போக முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் கால்பொறியைத் தடை செய்து, அதைப் பயன்படுத்தும் நாடுகளின் ரோமத்தையும் தடுக்கப்போவதாகச் சொன்னது. பேச்சுவார்த்தை நடந்து 1997-இல் அமெரிக்காவோடு ஓர் உடன்பாடு வந்தது. பொறிகளைக் காயம், வேகம், தேர்ந்து பிடிக்கும் திறன் என்று சோதித்து இனவாரியாகப் பரிந்துரைக்கும் வழிகாட்டிகள் அந்தச் சூழலில் வளர்ந்தவை. அவை பரிந்துரைகள் மட்டுமே. ஒரு மாநிலம் விதியாக எழுதினால்தான் கட்டாயம்.

கமிஷனே வேட்டைக்காரங்க பணத்தில நடக்குது. அது எப்படி நடுநிலையா இருக்கும்?

நியாயமான கேள்வி. கேம் கமிஷனுக்கு மாநிலத்தின் பொது வரிப்பணம் வருவதில்லை. லைசென்ஸ் கட்டணம், தன் நிலங்களின் மரம், எரிவாயு வருமானம், அதோடு 1937-ஆம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் கூட்டாட்சி வரியின் பங்கு. அந்தப் பங்கில் பாதி லைசென்ஸ் வாங்கியவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதே பணம்தான் மேலே சொன்ன நீர்நாய், ஃபிஷர் மீட்புக்கான அலுவலகத்தையும் ஆட்களையும் தாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடுநிலையைக் கெடுப்பது பணத்தைவிட, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே தரப்பு வந்து உட்கார்ந்தால் ஒரே தரப்பின் குரல்தான் பதிவாகும்.

பேசாம ஜனங்க ஓட்டுக்கு விட்டுடலாமே?

கொலராடோவும் மாசசூசெட்ஸும் 1996-இல் அப்படித்தான் பெரும்பாலான பொறிகளைத் தடை செய்தன. பென்சில்வேனியாவில் முடியாது; குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றும் வழி இந்த மாநிலத்தில் இல்லை.

முடிந்தாலும் எனக்குத் தயக்கம் உண்டு. வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டு பெட்டிகள்தான். மாசசூசெட்ஸில் பீவர் அணைகளால் கிணறும் சாலையும் மூழ்கியபோது 2000-இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் சுகாதாரக் குழுக்கள் அவசர அனுமதி தர வழிசெய்தார்கள். பீவரைப் பிடிப்பது நிற்கவில்லை. முடிவு விலங்கியல் தெரிந்தவர்களிடமிருந்து ஊர்க் குழுக்களுக்குப் போனது. சட்டமன்றம் நேரடியாகக் கை வைப்பதிலும் இதே சிக்கல். இண்டியானாவில் 2018-இல் பாப்கேட் சீசன் முன்மொழிவு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2024-இல் சட்டமன்றம், சீசன் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. அங்குள்ள இயற்கை வளத் துறையின் வேலை எத்தனை, எங்கே என்று தீர்மானிப்பதாகச் சுருங்கியது. மாநிலம் முழுக்க 250 என்று வரம்பு வைத்தார்கள்.

நான் எச்1பி விசாவில இருக்கேன், ஓட்டே கிடையாது. கூட்டத்தில பேசலாமா?

பேசலாம். கருத்துச் சொல்வதும் வாக்களிப்பதும் வேறு வேறு. இங்கே வசிக்கிறீர்கள், இங்கே நடக்கிறீர்கள், அது போதும். முன்பதிவு விவரம் கூட்ட அறிவிப்பில் இருக்கும், கிடைப்பது சில நிமிடங்கள். எழுதியும் அனுப்பலாம். எந்த விலங்கு, எந்தப் பகுதி, எந்த விதி, என்ன மாற்றம் என்று ஒன்றைக் கேளுங்கள். "கொடுமையை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் அதை எந்த விதியில் பொருத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது.

பொறியை 36 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதுமாமே. 24 மணி நேரமா மாத்தச் சொல்லிக் கமிஷனுக்கு எழுதலாமா?

மாற்ற வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். கால்பொறியில் மாட்டிய நரி முழு இரவும் அடுத்த பகலும் கிடக்கலாம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பல மாநிலங்களில் தினமும் பார்ப்பது கட்டாயம். எதிர்த்தரப்பு சொல்வதும் தெரிந்திருக்கட்டும்: வேலைக்குப் போகிறவர் இன்று காலையும் நாளை மாலையும் பார்க்க 36 மணி நேரம் வசதி. கால்பொறிக்கு மட்டும் 24, நீருக்கடியில் உடனே கொல்லும் பொறிக்குப் பழையபடி 36 என்று கேட்டால் அந்த வாதம் பெரிதும் வலுவிழக்கும்.

ஆனால் கமிஷனுக்கு எழுதிப் பயனில்லை. மூன்றாம் கேள்வியில் சொன்ன இரண்டு அடுக்கு இங்கேதான் வருகிறது: 36 மணி நேரம் என்பது சட்டமன்றம் நிறைவேற்றிய வனவிலங்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆணையர்கள் எல்லோரும் விரும்பினாலும் அதை மாற்ற அதிகாரமில்லை. உங்கள் தொகுதி மாநிலப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் எழுதுங்கள். இரு அவைகளிலும் வேட்டை, மீன்வளத்துக்கான குழு உண்டு. அவற்றின் தலைவர்களுக்கும் நகல் அனுப்புங்கள். கேட்கும் திருத்தத்தை ஒரே வாக்கியமாகக் கடிதத்தின் முதல் வரியில் வையுங்கள்.